கணினி அறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

பள்ளிகளுக்குக் கணினி வாங்கித் தருகிறவர்கள், அதைத் தணிக்கை செய்கிறவர்கள், டிஜிட்டல் பயிற்சி முகாம்களுக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் 11 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவன். அதற்கு முன்னால் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்ற பிறகு, வயதானவர்களுக்கும் வேலை தேடும் பிள்ளைகளுக்கும் கைப்பேசியும் கணினியும் சொல்லிக்கொடுப்பதையே முழுநேரப் பிழைப்பாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டங்களில் என்னை ‘டிஜிட்டல் திறன் ஆர்வலர்’ என்று மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஏனென்றால், பதவியில் இருந்த காலத்தில் என் பள்ளிப் பிள்ளைகள் கணினியைத் தொட்டுவிடாமல் காவல் காத்தவனே நான்தான்.

அந்தக் கதையைச் சொன்னால்தான் நான் உங்களிடம் கேட்கப்போவது புரியும்.

எங்கள் பள்ளிக்கு 20 கணினிகள் வந்தன. கொண்டுவந்து இறக்கியவர் 3 இடங்களில் கையெழுத்து வாங்கினார். போகும்போது, “பத்திரம் சார், ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைதான் உருளும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே ஒவ்வொன்றின் எண்ணையும் இருப்புப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். துணி உறை தைத்துப் போட்டோம். பெரிய பூட்டாக ஒன்று வாங்கினேன். சாவி என் கொத்தில் ஏறியது.

அதற்கப்புறம் நான் போட்ட விதிகளை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகள் மட்டும், வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும், கணினி ஆசிரியர் கூட இருந்தால் மட்டும். கணினி ஆசிரியர் பணியிடமோ பாதி நாள் காலியாகவே கிடந்தது. அதனால் நானே வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் கணினியைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தேன். மவுஸையும் சாக்பீஸால் வரைந்தேன். நன்றாகவே வரைவேன். 10 அடி தள்ளி, பூட்டிய கதவுக்குப் பின்னால் 20 நிஜ மவுஸ்கள் கிடந்தன. பிள்ளைகள் என் படத்தைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டார்கள், தேர்வில் பாகம் குறித்து மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

பயன்படுத்தாத கணினி பத்திரமாக இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அது சும்மா இருந்தே சாகும். யூபிஎஸ்ஸில் இருப்பது ஈயமும் அமிலமும் உள்ள பேட்டரி. சார்ஜ் ஏறாமல் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு எவ்வளவு நேரம் மின்சாரம் கொடுத்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளாது. கணினிக்கு உள்ளே நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் கணினிக்கு நாளும் நேரமும் மறந்துபோகும். எப்போது போட்டாலும் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியில்தான் கண் விழிக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. ‘இணையம் வரவில்லை’ என்று பள்ளிகளிலிருந்து வருகிற புகார்களில் சில, அந்த ஒரு சின்ன பேட்டரிக் கதைதான். இதையெல்லாம் நான் ஓய்வுபெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன். பதவியில் இருந்தபோது எனக்குத் தெரிந்தது, உறையைத் தூசி தட்டுவது மட்டும்.

ஒருநாள் தணிக்கைக்கு வந்தார்கள். அறையைத் திறந்து காட்டினேன். 20 உறைகள், 20 எண்கள். பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக டிக் போட்டார்கள். ‘நன்கு பராமரிக்கப்பட்டு வருகிறது’ என்று குறிப்பெழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அன்றைக்கு அவற்றில் 13 கணினிகள் உயிரோடு இல்லை. ஒன்றையாவது போட்டுப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. போட்டுக் காட்ட எனக்கும் தோன்றவில்லை. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மட்டும்தான் இப்படியோ என்று ரொம்ப நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பெரு நாட்டைப் பற்றிப் படித்த பிறகு அந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வாங்கிக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்த நாடு அது. அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் அங்கே 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. ‘கணினி கொடுத்துப் பயனில்லை’ என்று பலரும் இதையே மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் என் கண்ணில் பட்டது வேறொன்று. மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பதுதான் திட்டம். எடுத்துப் போனவர்கள் 10-க்குச் சுமார் 4 பேர். கெட்டுப்போனாலோ திருடு போனாலோ மாற்றிக் கொடுக்க மாட்டார்களே என்று தலைமையாசிரியர்கள் தயங்கியிருக்கிறார்கள். பொறுப்பு நம் தலையில் விழுமே என்று பெற்றோரும் பயந்திருக்கிறார்கள். படித்துவிட்டு, ‘அட, என் பூட்டு அங்கேயும் தொங்குகிறதே’ என்று நினைத்தேன்.

2015-இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பும் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் கணினிகளுக்குப் பெரிதாகச் செலவழித்த நாடுகளில் வாசிப்பு, கணக்கு, அறிவியல் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை என்று அதில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘பழைய கரும்பலகையே போதும்’ என்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சாக்பீஸால் மவுஸ் வரைந்தவன் நான், அது போதாது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கட்சியும் இருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிடுங்கள், தானே கற்றுக்கொள்ளும் என்பார்கள். 1999-இல் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் டெல்லி கால்காஜியில் தன் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் பார்க்கும்படி ஒரு கணினியை வைத்தார். பூட்டு இல்லை, வாத்தியார் இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே தட்டித் தடவி இயக்கக் கற்றுக்கொண்டார்கள், உலகமே வியந்தது. பிறகு டெல்லிக்குப் போய் இந்த முயற்சியைப் பார்த்து எழுதிய ஆய்வாளர் மார்க் வார்ஷவர், பிள்ளைகள் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டிலும்தான் நேரம் கழித்தார்கள், அவர்கள் மொழியில் பாடம் என்று அதில் அதிகம் இல்லை என்று குறிப்பிட்டார். எனக்கு அந்தச் சுவர் பிடிக்கும். என் பூட்டைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் அந்தச் சுவரோரம் ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

என் பூட்டு திறந்தது கொள்கையால் இல்லை, மறதியால். பணியின் கடைசி ஆண்டில் ஒருநாள் அவசரக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது கணினி அறையைப் பூட்டாமல் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 4 பேர் உள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயத்தில் எழுந்திருக்கக்கூடத் தெரியவில்லை. ஒரு பெண் மட்டும் திரையைக் காட்டி, “சார், முக்கோணம் மூட மாட்டேங்குது” என்றாள்.

பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவதற்கான லோகோவை எப்படியோ திறந்திருக்கிறார்கள். திரையில் ஓர் ஆமை இருக்கும். ‘100 அடி முன்னே போ, வலப்பக்கம் இத்தனை பாகை திரும்பு’ என்று கட்டளை கொடுத்தால் நடந்துகொண்டே கோடு போடும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை நம்பி 60, 60, 60 என்று 3 தடவை திருப்பியிருக்கிறாள். ஆமை ஒரு கிண்ணத்தின் பாதி மாதிரி எதையோ வரைந்துவிட்டு நின்றுகொண்டிருந்தது.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை. “இன்னும் 3 தடவை திருப்பிப் பார்” என்றேன். அறுகோணம் வந்தது. அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அறையின் நடுவில் நின்று, தானே ஆமையாகி 2 அடி நடந்து திரும்பினாள். இன்னும் 2 அடி நடந்து திரும்பினாள். “சார், நான் உள்ளே இருக்கிற கோணத்துக்குத் திரும்பலை, வெளியே இருக்கிற கோணத்துக்குத் திரும்பறேன்” என்றாள். போய் 120 என்று தட்டினாள். முக்கோணம் மூடிக்கொண்டது.

வெளிக்கோணத்தை நான் கிட்டத்தட்ட 20 வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன். கால்களால் நடந்து அதைக் கண்டுபிடித்த பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். லோகோவை 1967-இல் உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். நிரலில் பிழை வந்தால் அது தப்பு என்று சிவப்பு மையால் அடிக்க வேண்டியதில்லை, எங்கே பிசகியது என்று தேடிச் சரிசெய்ய வேண்டிய இடம் அது என்பதுதான் அவருடைய எண்ணம். பேப்பர்டைப் பற்றி நான் படித்தது அப்புறம்தான். அவர் சொன்ன காட்சியை முதலில் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அந்த கீபோர்டில் ஒரு பொத்தான் பெயர்ந்து வந்திருந்தது. பிள்ளைகள் என்னிடம் காட்டாமல் அதை மேலேயே ஒட்ட வைத்திருந்தார்கள். முறைப்படி அதைப் பதிவேட்டில் ஏற்றி, விளக்கம் எழுதி, மேலே அனுப்பியிருக்க வேண்டும். நான் செத்துக் கிடந்த ஒரு கணினியின் கீபோர்டைக் கழற்றி இதில் மாட்டிவிட்டு, உடைந்ததை உறைக்குள் தள்ளிவிட்டேன். பிள்ளைகள் ஒட்ட வைத்த அதே பயம்தான் எனக்கும். எனக்குச் சம்பளம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஓய்வுக்குப் பிறகான கதைக்கு வருகிறேன்.

முதலில் சொல்லிக்கொடுக்கப் போனபோது நான் மோசமான ஆசிரியர். யாராவது தடுமாறினால் கைப்பேசியைப் பிடுங்கி, “இதோ இப்படி” என்று 3 தட்டில் முடித்துக்கொடுத்துவிடுவேன். அவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே சந்தேகத்தோடு வருவார்கள். வீட்டில் மகனும் பேத்தியும் செய்வதும் இதுதான்: “குடு, நான் பண்றேன்.” இதுவும் ஒரு பூட்டுதான். என்ன, கொஞ்சம் அன்பாகப் போடுகிற பூட்டு.

ஒரு அம்மா வந்தார். 70 வயதுக்கு மேல். எந்தப் படத்தைத் தொட்டாலும் செயலி திறக்காமல், படங்கள் இடம் மாறுகின்றன, ஏதோ பட்டியல் விரிகிறது. “என் விரலே ராசியில்லாத விரல்” என்றார். உட்கார்ந்து கவனித்தேன். அவர் விரலை வைத்தால் எடுக்க ஒரு நொடிக்கு மேல் ஆகிறது, மாவில் விரல் பதிப்பது போல அழுத்துகிறார். கைப்பேசி அதை ‘நீண்ட அழுத்தம்’ என்று எடுத்துக்கொள்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள், எவ்வளவு நேரம் அழுத்தினால் நீண்ட அழுத்தம் என்பதைக் கூட்டி வைக்க ஓர் இடம் இருக்கிறது. கூட்டி வைத்தோம், அவரே தேடிப் போய், அவர் விரலாலேயே. அதற்கு 25 நிமிடம் ஆனது. அந்த 25 நிமிடமும் நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியராக வராந்தாவில் நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வது பழைய பழக்கம். அப்போது அது மிரட்ட, இப்போது கையை நீட்டிவிடாமல் இருக்க.

இப்போது உங்கள் முகாம்களைப் பற்றி. 50 பேர், 2 மணி நேரம், ஒரு ப்ரொஜெக்டர். கணக்கு வாத்தியார் புத்தி விடுமா? தலைக்கு 2 நிமிடம் 24 நொடி வருகிறது. அந்த அம்மாவின் விரலுக்கே 25 நிமிடம் ஆனது. முகாம் முடிந்ததும் சான்றிதழோடு ஒரு படம், ‘50 பேர் பயிற்சி பெற்றனர்’ என்று ஒரு வரி. அந்த வரியும், ‘நன்கு பராமரிக்கப்பட்டு வருகிறது’ என்ற அந்தக் குறிப்பும் என் கண்ணுக்கு ஒரே கையெழுத்தில் தெரிகின்றன.

முகாமில் சொல்லிக்கொடுப்பவையும் பல நேரம் உறை போட்டவைதான். கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்றுங்கள் என்று இன்னும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், காரணமில்லாமல் இப்படி மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்றச் சொன்னால் போதும் என்று 2017-லேயே வழிகாட்டிவிட்டது. மாற்று மாற்று என்றால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

இளைஞர்களுக்கு எதுவும் தேவையில்லை, அவர்கள் பிறக்கும்போதே டிஜிட்டல் என்றொரு பேச்சு 2001-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி எழுதியதிலிருந்து ஓடுகிறது. என்னிடம் வருகிற பிள்ளைகள் நொடியில் வீடியோ வெட்டி ஒட்டுகிறார்கள், உண்மைதான். வேலைக்கு விண்ணப்பிக்கத் தன்விவரக் கோப்பை இணைக்கச் சொன்னால் அது எங்கே சேமிக்கப்பட்டது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். கைப்பேசியில் மட்டுமே வளர்ந்த பிள்ளைக்கு ‘ஃபோல்டர்’ என்பது எங்கேயும் கண்ணில் பட்டதில்லை.

கற்றுக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். இணையதளங்களைக் கொடுத்து எதை நம்பலாம் என்று கேட்டார்கள். படித்த மனிதர்களான பேராசிரியர்களும் கெட்டிக்கார மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்து, அதன் சின்னத்தையும் அழகையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, வேறு தாவல்களை (டேப்) திறந்து, இதை நடத்துவது யார் என்று பிறர் சொல்வதைத் தேடினார்கள். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்ட முடியாது. பிள்ளையின் விரல் அந்தத் தாவலைத் திறந்தாக வேண்டும்.

ஆகவே நான் கேட்பது புதிய கணினி இல்லை. ஒரு சுற்றறிக்கை.

பிள்ளைகள் பயன்படுத்தும்போது உடைவது தேய்மானம், குற்றமில்லை. அதற்குத் தலைமையாசிரியர் விளக்கம் எழுத வேண்டாம், தன் கைப்பணம் கட்ட வேண்டாம் என்று அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் எந்தத் தலைமையாசிரியரும் நம்ப மாட்டார், நானே நம்ப மாட்டேன். கழித்துக்கட்ட அனுமதி வாங்க ஒரு வருடம் காத்திருக்க வைக்காமல், பேட்டரி, மவுஸ், கீபோர்டு மாதிரிச் சில்லறைகளைப் பள்ளியே மாற்றிக்கொள்ளப் பணமும் உரிமையும் கொடுங்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் உறையைத் தூக்கிச் சுவிட்சைப் போடட்டும். தேய்ந்துபோன எழுத்துகள் இருக்கிற கீபோர்டைப் பார்த்தால் நல்ல குறிப்பு எழுதட்டும். பளபளவென்று இருந்தால் ஏன் என்று கேட்கட்டும்.

பக்கத்தில் உட்கார ஆளும் வேண்டும். எஸ்டோனியா 1996-இல் அறிவித்து அடுத்த ஆண்டு தொடங்கிய ‘புலிப் பாய்ச்சல்’ திட்டத்தில் கணினியும் இணைய இணைப்பும் எப்படியோ அப்படியே ஆசிரியர் பயிற்சியும் ஓர் அங்கம். ஆசிரியருக்குப் பயிற்சி என்றால் விடுமுறையில் ஒருநாள் இழுத்துப்போய் உட்கார வைப்பது இல்லை. கால அட்டவணையிலேயே, தானும் தட்டித் தடுமாறிப் பார்க்க அவருக்கு ஒரு பாடவேளை ஒதுக்குவது. முகாம் நடத்துகிறவர்களும் தலையை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டு, ‘யாரும் கை வைக்காமல் தானாக என்ன செய்தீர்கள்’ என்று கேட்டு எழுதட்டும். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். குறைவாக வந்ததையே அறிக்கையில் போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

கடைசியாக ஒன்று. ஓய்வுபெறும் நாளில் பொறுப்பு ஒப்படைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பட்டியலைப் படிக்கப் படிக்க, சாவிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். புதிதாக வந்த தலைமையாசிரியர் அம்மா நல்ல உழைப்பாளி, துடிப்பானவர். பெரிய சாவியை எடுத்து, “இது எந்த ரூம் சார்?” என்றார். “கம்ப்யூட்டர் ரூம்” என்றேன். “அப்ப இதைத் தனியா வைக்கணும்” என்று சொல்லி, அதை மட்டும் ஒரு உறையில் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பெண்ணின் முக்கோணத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. கையெழுத்து போடும் அவசரத்தில் சொல்லவில்லை.

சுற்றறிக்கை வந்தால் முதல் படியை அவருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்